அடைமொழி வேண்டாம்

ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகிற ரோட்டில், ஒரு டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது மயில் டிஜிட்டல்ஸ். பிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை. காதுகுத்து, கல்யாணம், மொய் விருந்து, கண்ணீர் அஞ்சலி, வாடிவாசலுக்குப் போகிற காளை என்று எதற்கு ஆள் வந்தாலும், முதலாளி ரெங்கராஜ் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "என்ன சைஸு?" சைஸைச் சொல்லிவிட்டால் போதும், வாசகம் தானாக வந்து விழும். ஆறுக்கு நாலு அடி என்றால் இரண்டு வரி. பத்துக்கு எட்டு என்றால் நாலு வரி, கூடவே ஒரு சிங்கம். மாப்பிள்ளைக்கும் சிங்கம், மாமனாருக்கும் சிங்கம், காளைக்கும் சிங்கமே. காளையைப் போய்ச் சிங்கம் என்கிறோமே என்று ரெங்கராஜ் ஒருநாளும் யோசித்ததில்லை. காளையும் வந்து கேட்டதில்லை.

சுற்றுவட்டாரத்தில் அவருக்குக் 'கவிஞர்' என்றே பெயர். டீக்கடையில் அதைக் கிண்டலாகத்தான் சொன்னார்கள். அவர் நிஜமென்றே வைத்துக்கொண்டார். வம்பில்லாத ஏற்பாடு.

வீட்டில்தான் அந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை. மகள் சொர்ணவல்லி ஏழாம் வகுப்பு. போன வருஷம் அவள் பிறந்தநாளுக்கு மனுஷன் ஒரு கேக்கை வெட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? பஸ் ஸ்டாண்டு முக்கில், பத்துக்கு எட்டில், சுழல் விளக்கு வைத்த காருக்குப் பக்கத்தில் மகளைக் கம்ப்யூட்டரிலேயே நிறுத்தி, "அகிலம் போற்றும் அறிவரசியே, ஆலங்குடி தந்த அடுத்த கலெக்டரே" என்று பேனர் கட்டிவிட்டார். அவளுக்கு அன்றோடு போயிற்று நிம்மதி. பள்ளிக்கூடமே 'கலெக்டரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தது. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள் அல்லவா? அவள் வகுப்பில் ஆண்ட்ரூஸ் என்றொரு வால் இருந்தான். அவன் திங்கட்கிழமை தவறாமல் அவள் பெஞ்சுக்கு முன்னால் வந்து கைகட்டி நின்று, சத்துணவில் முட்டை பெரியதாகப் போட ஆவன செய்யுமாறு மனு நீட்டினான். அவனுக்குப் பின்னால் ஒரு வரிசை.

சொர்ணவல்லி அழவில்லை, சண்டை போடவில்லை. அப்பாவோடு பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். கேட்டால் "ம்". கேட்காவிட்டால் அதுவும் இல்லை. மத்தியானம் லீவு நாளில் கடைக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவருவாள், அதையும் நிறுத்திவிட்டாள். ரெங்கராஜுக்கு மனசு ஆறவே இல்லை. ஊருக்கே பிடிக்கிற மாதிரி எழுதுகிறவனுக்குப் பெற்ற பெண்ணுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு வரி எழுத வரவில்லையே என்று மனைவி செவந்தியிடம் புலம்பினார்.

"அந்தப் பேனரு ஒங்களுக்குப் பிடிச்சு நீங்க வச்சுக்கிட்டது. அவ எங்க கேட்டா?" என்றாள் செவந்தி, சட்டியில் கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி.

இப்படி இருக்கும்போதுதான் பொங்கல் முடிந்த கையோடு பரிமளா டீச்சர் கடைக்கு வந்தார். சொர்ணவல்லி படிக்கிற பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. ஆண்டு விழாவில் பிள்ளைகள் விதவிதமாகக் கவிதை வாசிப்பார்கள் என்று மேலதிகாரிகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்த மறுவாரம் தமிழ் டீச்சர் பிரசவ லீவில் போய்விட்டார்.

"நீங்கதானே இதெல்லாம் எழுதுறீங்க? வெள்ளிக்கெழம கடைசி பீரியடு வந்து ஏழாங்கிளாஸுக்குச் சொல்லிக்குடுங்க," என்றார்.

ஏழாங்கிளாஸ் என்றதும் ரெங்கராஜ் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வகுப்பில் உட்கார்ந்தால் சொர்ணவல்லி எழுதித்தானே ஆகவேண்டும். ஒரு வரி எழுதட்டும், அப்பன் படுகிற பாடு புரிந்துவிடும், பிறகு பேச்சும் வந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார்.

முதல் வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு போய், கரும்பலகையில் பெரிதாக ஒரு கட்டம் வரைந்தார். "கவிதைக்கு மொத விஷயம் சைஸு," என்று ஆரம்பித்தார். அப்புறமென்ன, தனக்குத் தெரிந்ததைத் தெரிந்த மாதிரியே அள்ளி இறைத்தார். பிள்ளைகள் அதை இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். பேனா "எழுதுகோல் எனும் ஏவுகணையே" ஆயிற்று. சத்துணவு சமைக்கிற ராக்காயி அக்கா "அன்னம் அள்ளித் தரும் அகிலாண்ட நாயகி" ஆனார். கக்கூஸ் வாளிக்குக்கூட ஒரு சிங்கம் கிடைத்தது.

சொர்ணவல்லி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பேர் கூப்பிட்டால் "உள்ளேன் சார்" என்றாள். மற்ற பிள்ளைகளும் சார் என்றுதான் கூப்பிட்டார்கள், அது காதில் ஏறவில்லை. இவள் சொன்ன சார் மட்டும் நேராக நெஞ்சில் இறங்கியது. எழுதச் சொன்னால் வெறும் பேப்பரை மடித்துக் கொடுத்தாள். அதில் பேர்கூட இல்லை.

பரிமளா டீச்சர் மற்ற பேப்பர்களை எல்லாம் வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கவிஞரே, எல்லாம் ஒரே கவிதையாவுல்ல இருக்கு? பேரை மட்டும் மாத்துனாப்புல இருக்கு. நான் விதவிதமான்னுல்ல கேட்டேன்?"

கடையில் ரெங்கராஜ் செய்வதும் அதுதான். பழைய ஃபைலைத் திறந்து பேரையும் படத்தையும் மாற்றி வேறு பெயரில் சேமிப்பார். டீச்சருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

அந்த வாரம் ஜெனிஷா வீட்டுக் காளை நோய் வந்து செத்துப்போனது. ஜெனிஷா சொர்ணவல்லி வகுப்புப் பெண். ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஈஸ்டர் முடிந்து அங்கே நடக்கிற ஜல்லிக்கட்டில் அந்த மயிலைக்காளையை யாரும் தொட்டதில்லை. அவள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைக்கு வந்தார். ரெங்கராஜும் குறை வைக்காமல் "சீறிப் பாய்ந்த சிங்கமே, சரித்திரம் படைத்த தங்கமே" என்று பத்துக்கு எட்டில் அடித்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் எழுதவேண்டியது, இறந்தவர்களுக்கான இரங்கல் பாட்டு. ஜெனிஷா எழுந்து தன் பேப்பரை வாசித்தாள்.

*வாடிவாசல்ல ஒன்னைய சிங்கம்னாங்க.*
*எங்க வீட்டுல குக்கர் விசிலடிச்சா*
*கயித்த அத்துக்கிட்டு ஓடுன.*
*இன்னைக்கும் விசில் அடிச்சுச்சு.*
*யாரும் ஓடல.*

மூன்றாவது வரியில் வகுப்பே சிரித்தது. கடைசி வரியில் சிரிப்பு நின்றுபோயிற்று. ரெங்கராஜ் திரும்பி நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரும்பலகையைத் துடைத்தார். வீட்டுக்குப் போகிற வழியில் தெருமுனையில் அவர் அடித்த பேனர் தொங்கியது. அதை ஏறிட்டுப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை பெரிய பேனரில் காளை இருந்தது, ஜெனிஷா வீட்டுக் காளை இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கட்டம் வரையவில்லை. சிங்கம், தங்கம், அகிலம், சரித்திரம் என்று கரும்பலகையில் எழுதி எல்லாவற்றுக்கும் குறுக்கே கோடு போட்டார்.

"அப்ப எதைத்தான் சார் எழுதுறது?" என்றான் ஆண்ட்ரூஸ்.

"குக்கர் விசில எழுது."

"அதைத்தான் ஜெனிஷா எழுதிட்டாளே."

"ஒங்க வீட்டுல என்ன சத்தம் கேக்கும்?"

"எங்கப்பா கொறட்டை."

"அத எழுதுடா."

தொழில் சொல்லிக்கொடுத்த ஒன்றை மட்டும் ரெங்கராஜ் விடவில்லை. பஸ்ஸில் போகிறவன் படிக்காத பேனர் வேஸ்ட். அதுமாதிரி கவிதையும் வேலை செய்யவேண்டும், செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றார். தாலாட்டு எழுதிய வாரம் ஆண்ட்ரூஸின் அம்மா கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தார். முதல் தாலாட்டுக்குக் குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. இரண்டாவதுக்கு வீறிட்டு அழுதது. மூன்றாவது, இழுத்து இழுத்துப் போகிற பாட்டு, குழந்தையைத் தூங்கவைத்தது. ஜன்னலோரத்தில் இரண்டு பையன்களும் சேர்ந்து தூங்கினார்கள். கயிறு தாண்டுகிற பாட்டைக் கயிறு தாண்டியே பார்த்தார்கள். கால் எங்கே தட்டுகிறதோ அங்கே வரி சரியில்லை. விடுகதைப் பாட்டுகளை ராக்காயி அக்காவிடம் போட்டார்கள். அவர் விடை கண்டுபிடிக்காமல் கரண்டியைத் தொடமாட்டேன் என்று நின்றதில் ஒருநாள் சாப்பாடு லேட்டாகி, பரிமளா டீச்சரே வந்து விடையைக் காதில் சொல்லிவிட்டுப் போகவேண்டியதாயிற்று.

கடையிலும் ரெங்கராஜ் கைவரிசையைக் காட்டிப் பார்த்தார். ஒரு கல்யாண பேனரில், "பொண்ணுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும், மாப்பிள்ளை இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று எழுதினார். மாப்பிள்ளை வீட்டார் வேனோடு வந்து இறங்கி, "எங்கய்யா சிங்கம்?" என்று கேட்டார்கள். ஒன்றுக்கு இரண்டு சிங்கமாகப் போட்டு அனுப்பிவைத்தார். எல்லா மாற்றமும் எல்லோருக்கும் ஆகாது.

வகுப்பு களைகட்டிவிட்டது. ஆனால் யாருக்காக வந்தாரோ அவள் அசையவில்லை. பேப்பரில் பேர் மட்டும் எழுத ஆரம்பித்திருந்தாள். ஒரு வாரம் அவள் பேப்பரில் எதையோ எழுதி அழித்த தடம் தெரிந்தது. ரெங்கராஜ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் போனார். பிறகு, அவள் காட்ட விரும்பாததைப் பார்ப்பது சரியில்லை என்று கீழே வைத்துவிட்டார்.

ஆண்டு விழா வந்தது. பந்தல், சீரியல் லைட், மைக் செட். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாசித்தார்கள். குறட்டைக் கவிதைக்கு ஆண்ட்ரூஸின் அப்பா நெளிந்தார், ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியாகப் பரிமளா டீச்சர் மைக்கில் சொர்ணவல்லி பேரைச் சொன்னார். தவறாகக் கூப்பிடுகிறார்கள் என்றே ரெங்கராஜ் நினைத்தார். அவள் நிமிர்ந்து நடந்து வந்து மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"இந்த வகை யாரும் சொல்லிக்குடுக்கல. இதுக்குப் பேரு கலெக்டர் உத்தரவு," என்றாள்.

*பஸ் ஸ்டாண்டு முக்குல உள்ள சிங்கமெல்லாம்*
*காட்டுக்குத் திரும்பிப் போகவும்.*
*ஊர்ல எல்லாரு படமும் பேனர்ல இருக்கு.*
*பேனர் அடிக்கிறவரு படம் மட்டும் எதுலயும் இல்ல.*
*அவரு சட்டையில மை வாசம்.*
*தூங்குறப்பவும் கை மவுஸப் பிடிச்சாப்புலயே இருக்கு.*
*அவருக்கு ஒரு பேனர் வைக்கவும்.*
*அடைமொழி வேண்டாம்.*
*அப்பான்னு போட்டாப் போதும்.*

ரெங்கராஜ் மைக் செட்டுக்காரரின் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஆள் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று மைக் செட்டுக்காரருக்கே தெரியவில்லை. கூட்டத்திலிருந்து ஆண்ட்ரூஸின் குரல் வந்தது. "கலெக்டரம்மா, என் முட்டை மனு என்னாச்சு?"

"பரிசீலனையில இருக்கு," என்றாள் சொர்ணவல்லி மைக்கிலேயே.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு அவள் கடைக்கு வந்தாள். ரெங்கராஜ் தன் படம் ஒன்றைத் தேடி அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஆதார் அட்டையில் இருந்த படத்தைத் தவிர வேறில்லை. அதில் அவரை அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

"இங்கிட்டுத் திரும்புங்கப்பா," என்று அவள் போனில் படம் எடுத்தாள். "மாப்பிள்ளை மாதிரி சிரிக்காதீங்க. சும்மா இருங்க." பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டாள். "என்ன சைஸு?"

"நீயே சொல்லுத்தா."

"நாலுக்கு மூணு போதும்."

சாயங்காலமே பேனர் கடை முகப்பில் ஏறியது. நடுவில் ரெங்கராஜின் முகம். கீழே ஒரே சொல், அப்பா. இருவரும் ரோட்டைத் தாண்டி நின்று பார்த்தார்கள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

இங்கேதான் இரண்டு பேரும் கோட்டைவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சிங்கம் இல்லாமல், வாழ்த்து இல்லாமல், ஒரு முகமும் உறவுமுறையும் மட்டும் பேனரில் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பேனரில் ஊறிப்போன மனுஷனுக்கே அது தோன்றவில்லை. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் சிங்கப்பூரிலிருந்து மச்சான் போனில் அழுதார். வீட்டு வாசலில் செவந்தியைத் தேடி இரண்டு பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வந்து நின்றார்கள். கீரமங்கலத்திலிருந்து பெரியப்பா ஆண்டியப்பன் ரோஜா மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கி, டீக்கடையில் வடையைக் கடித்துக்கொண்டு நின்ற ரெங்கராஜைப் பார்த்தார்.

"ஏன்டா, உசுரோட இருக்கிறவனுக்கு எவனாச்சும் இப்புடிப் பேனர் வைப்பானாடா?" என்று மாலையை அவர் தலையிலேயே போட்டார்.

ரெங்கராஜ் பேனரை இறக்க ஏணியை எடுத்தார். சொர்ணவல்லி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "எறக்க வேணாம்பா. ஒரு வரி சேத்தாப் போதும்."

இருவரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் நெருங்கி உட்கார்ந்தார்கள். அவர் "நீடூழி வாழ்க" என்றார். "சிங்க வாடை அடிக்குது," என்றாள் அவள். அவர் இன்னும் நாலைந்து சொல்லிப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. அப்புறம் அவளே தட்டினாள். இப்போது அந்தப் பேனரில் இப்படி இருக்கிறது:

*அப்பா.*
*கடையில் இருக்கிறார்.*

கீரமங்கலம் பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, நிஜமாகவே இருக்கிறாரா என்று தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் இருக்கிறார். தமிழ் டீச்சர் லீவு முடிந்து வந்த பிறகும் பரிமளா டீச்சர் அவரை விடவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை பின்மதியம் மட்டும் இரண்டாவது வரியின் மேல் ஒரு அட்டை தொங்கும். சொர்ணவல்லி கையெழுத்தில், "பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்" என்று எழுதியிருக்கும்.