பேனாவில் எழுதிய எட்டு புள்ளி ஏழு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வேதியியல் செய்முறை நோட்டில் பென்சில் கோட்டைக் கண்டால் அது இன்னும் சீக்கிரம் வரும். பெங்களூரில் நான் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் ஒரே வழக்கம்தான். விடை என்ன வரவேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்வார்கள். அதற்குத் தோதான அளவுகளைப் பென்சிலில் எழுதி, பிறகு மேலே பேனாவை ஓட்டுவார்கள். 'ரீடிங் குக் பண்றது' என்று இதற்குப் பெயரே உண்டு.

ஆஸ்டின் டவுன் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சேர்ந்ததும், பி.யூ. மாணவர்களுக்கு, அதாவது நம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, பாடத்திட்டத்தைத் தாண்டி உயர்நிலை வேதியியல் வகுப்பு ஒன்று நடத்துகிறேன் என்று பிரின்சிபாலிடம் கேட்டேன். அவர் கன்னடக்காரர், நல்ல மனுஷி. "நம்ம பசங்களுக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்? பாஸானா சாக்கு" என்றார். பாஸானால் போதுமாம். எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு மாதம் நச்சரித்ததில், உடைந்த கேரம் போர்டுகள் கிடந்த விளையாட்டுச் சாமான் அறை கிடைத்தது.

ஆறு பேர் சேர்ந்தார்கள். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள், ஆட்டோ ஓட்டுபவரின் மகன், ஸ்வீட் ஸ்டாலில் வேலை செய்பவரின் மகள். முதல் நாளே ஆறு பென்சில்களையும் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். "வந்தத எழுதுங்க. தப்பா வந்தாலும் அதத்தான் எழுதணும்" என்றேன்.

நாலு மாதத்தில் சிக்கல் வந்தது. அறையைத் திரும்பக் கேட்டார் பி.டி. மாஸ்டர். நிர்வாகச் செயலாளர் வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார், அவருக்குப் பிடித்தால் வகுப்பு நடக்கும், இல்லாவிட்டால் கேரம் போர்டு திரும்பி வரும் என்று முடிவானது. அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

எளிய சோதனையாகத்தான் தேர்ந்தெடுத்தேன். ஆக்ஸாலிக் அமிலத்தைச் சூடாக்கி, அதில் ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிர் ரோஸ் நிறம் வந்து நின்றால் அதுதான் முடிவு. பத்து மில்லி அமிலத்துக்குப் பத்து மில்லி பிடிக்கும்படி கணக்குப் போட்டு, அன்று காலை நானே அமிலக் கரைசலைத் தயாரித்தேன். 'விடை 10' என்று ஒரு சீட்டில் எழுதிப் பெருமையாகச் செயலாளர் கையில் கொடுத்தேன்.

ஆறு பேருக்கும் எட்டு புள்ளி ஏழு வந்தது.

செயலாளர் சீட்டைப் பார்த்தார், நோட்டுகளைப் பார்த்தார். பிரின்சிபால் என்னைப் பார்த்தார். அப்போது நான் செய்ததை எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஸ்வீட் ஸ்டால் ஊழியரின் மகள் பக்கம் குனிந்து, "இன்னொரு தடவ பாரும்மா, பத்து வரணும்" என்று கிசுகிசுத்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "மூணு தடவ பாத்தாச்சு மிஸ். பேனாவுல எழுதிட்டோம்."

மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். பெர்மாங்கனேட் கரைசலின் செறிவை அவர்களே போன வாரம் சரிபார்த்திருந்தார்கள். அதில் தப்பில்லை என்றால் தப்பு அமிலத்தில்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே கேட்டாள். "மிஸ், ஆசிட்ட எடை போட்டப்போ அடியில வெச்ச பேப்பர கழிச்சீங்களா? எங்கப்பா வேலை பாக்குற கடையில பாக்ஸோட நிறுத்துட்டா கஸ்டமரு சண்டைக்கே வந்துடுவாங்க."

காலை அவசரத்தில், காகிதத்தை வைத்ததும் அதன் எடையைக் கழிக்கத் தராசின் பூஜ்யப் பொத்தானை அழுத்திய நினைவே இல்லை. காகிதம் குப்பைக்கூடையில் கிடந்தது. எடுத்துத் தட்டி நிறுத்தோம், இருநூறு மில்லிகிராம். ஒன்றரை கிராம் சொச்ச அமிலம் என்று நான் நினைத்ததில் அந்த இருநூறு மில்லிகிராமும் காகிதம். அவள் கழித்து, வகுத்து, பெருக்கிக் கரும்பலகையில் விடையை எழுதினாள். எட்டு புள்ளி ஏழு மூன்று.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அன்று சறுக்கிய ஆனைக்கு இருந்த சந்தோஷம் சறுக்காத எந்த ஆனைக்கும் இருந்திருக்காது. செயலாளர் என் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நாங்க படிச்சப்போ ஆறு பேருக்கும் கரெக்டா பத்து வந்திருக்கும் மிஸ். வர வெச்சிருப்போம். ரூம் உங்களுக்குத்தான், நடத்துங்க" என்றார். நான் பிள்ளைகள் முன்னாலேயே அழுதேன்.

மறுவருஷம் பதினெட்டு பேர் சேர்ந்தார்கள். அதற்கடுத்த வருஷம் சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கினார்கள். இப்போது இரண்டு பேட்ச். பி.டி. மாஸ்டரின் மகனே இரண்டாவது பேட்சில்தான் படிக்கிறான், சுமாரான பையன், ஆனால் பேனாவில் எழுதுகிறான். டிராயரில் பென்சில்கள் கொள்ளவில்லை.

போன மாதம், பேப்பர் எடையைக் கேட்ட அந்தப் பெண் வந்தாள். அத்திபெலே பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலையாம். தங்கையை என் வகுப்பில் சேர்க்க வந்திருந்தாள். இடமில்லை, ஸ்டூல் போடுகிறேன் என்றேன். கையிலிருந்த மைசூர்பாகைக் கொடுத்தாள்.

"கால் கிலோ மிஸ். பாக்ஸ கழிச்சு."

ஆய்வகத்துக்குள் தின்பண்டம் கூடாது என்பது என் சட்டம். அன்று மீறினேன். தராசில் காகிதம் வைத்து, பூஜ்யப் பொத்தானை அழுத்தி, மைசூர்பாகைக் கொட்டி நிறுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே தன் பேனாவை என்னிடம் நீட்டினாள்.