அரை மணிக்கு எட்டு நிமிடம்

கணபதி பகுதியில் இருக்கும் என் மோட்டார் பட்டறையில், கடிகாரம் பார்த்து வேலையை நிறுத்திவிட்டு உட்கார உரிமை உள்ளவர் ஒரே ஒருவர்தான். அன்புச்செல்வி. அந்த உரிமையை நான் மனமுவந்து கொடுத்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்த நஞ்சுண்டன் அவ்வளவு நல்லவன் இல்லை. என்னோடு மல்லுக்கு நின்று வாங்கினார்.

பதினோரு வருடமாக எங்களிடம் வைண்டிங் வேலை. போர்வெல் மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி இறுக்குகிற வேலை. போன வருடம் வரை அவர் கை பட்ட மோட்டார் ஒன்றுகூடப் பழுதாகித் திரும்பி வந்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் உடம்பெல்லாம் வலி என்றார். இன்றைக்குத் தோள், நாளைக்கு இடுப்பு. எட்டு மணி நேரம் தூங்கினாலும் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்றார். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். அவர் வீட்டுக்காரர் ரவிக்குமார் சந்தோஷம் தாங்காமல் பட்டறைக்கே லட்டு வாங்கி வந்து கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன். அன்புச்செல்வி தொடவில்லை.

ரிப்போர்ட் நார்மல் என்றால் நோய் இல்லை, நோய் இல்லை என்றால் சோம்பல். என் மூளை அப்படித்தான் ஓடியது. அந்த மூளையைச் சொல்லி என்ன செய்ய!

பிறகு டாக்டர் சைத்ரா என்று ஒருவர் அவரை உட்காரவைத்து முழுதாகக் கேட்டிருக்கிறார். இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். வலி நிஜம், வலியை அறிவிக்கும் நரம்புகள் சின்ன விஷயத்துக்கும் ஊரைக் கூட்டுகின்றன, அதனால் ஸ்கேனில் காட்ட ஒன்றுமிருக்காது என்று விளக்கினாராம். மாத்திரை ஓரளவுக்குத்தான் உதவும். தினமும் கொஞ்ச தூரம் நடை, நேரத்துக்குத் தூக்கம், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்வது. முக்கியமாக, வலி வருவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நன்றாக இருக்கிற ஆள் எழுந்து போய் பெஞ்சில் உட்கார்ந்தால் எந்த முதலாளிக்குத்தான் எரிச்சல் வராது?

போன மார்ச்சில் ஆர்டர் குவிந்துவிட்டது. ஒரு நாள் அன்புச்செல்வியின் முகம் தெளிவாக இருந்தது. அரை மணி வேலை ஆனதும், நிறுத்துவதற்காக அவர் செல்போனில் வைத்திருந்த அலாரம் ஒலித்தது. எழுந்தார்.

“ஏனம்மணி, இன்னைக்கு நல்லாத்தான இருக்கீங்க? அந்த மோட்டாரை முடிச்சுப்போட்டு உக்காருங்க. இல்லீன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்றேன்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மறுபடி உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் மூன்று மோட்டார் முடித்தார். அடுத்த ஆறு நாள் அவரால் கையைத் தூக்கித் தலைகூட வார முடியவில்லை. அந்த மூன்றில் ஒன்று பொள்ளாச்சியிலிருந்து கருகித் திரும்பி வந்தது. இத்தனை வருடத்தில் முதல் முறை.

ஏழாம் நாள் வந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்.

“ஏனுங்ணா, மீட்டர் வச்சா எல்லாம் சரியாக் காட்டுது, லோடு குடுத்தா சூடாகிப் போகுதுன்னு மோட்டாருக வருதில்லீங்களா? அது நடிக்குதுன்னு ஒரு நாளாச்சும் சொல்லிருக்கீங்களா? நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கன்னுதான சொல்றீங்க. மோட்டாருக்குக் குடுக்கற மருவாதி எனக்கு இல்லீங்களா?”

பட்டறையில் எல்லாக் கையும் நின்றுவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, அவர் சொன்னது சரி என்பதால்.

“ஒரு மாசம் என் போக்குல உடுங்க. ஒரு மோட்டார் திரும்பி வந்தாலும் நானே வேலைய உட்டு நின்னுக்கறேனுங்க” என்றார்.

விட்டேன். அரை மணி வேலை, எட்டு நிமிடம் பெஞ்சு. வலி இல்லாத நாளிலும் அதேதான். ஒரு நிமிடம் கூட்டிச் செய்ய மாட்டார். வலி போய்விடவில்லை. இன்றும் சில நாள் முகம் சுண்டிப்போய்த்தான் வருகிறார். ஆனால் படுத்துக்கொள்ளும் நாட்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஒரு மாதம் சொன்னது ஒரு வருடம் ஓடிவிட்டது. ஒரு மோட்டாரும் திரும்பி வரவில்லை. அவர் என் பட்டறையில் இருப்பது எனக்குப் பெருமை. இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் பொள்ளாச்சி வியாபாரி அங்கப்பன் வந்தார். பெஞ்சில் கண்மூடிச் சாய்ந்திருந்த அன்புச்செல்வியைப் பார்த்தார்.

“ஏனுங்க, சீசன் நேரத்துல அந்தம்மா சும்மா உக்காந்திருக்குது?”

“சும்மா இல்லீங்க,” என்றேன். “வேலையிலதான் இருக்காங்க.”

அன்புச்செல்விக்கும் அது கேட்டிருக்கும். கண்ணைத் திறக்கவில்லை. எட்டு நிமிடம் ஆக இன்னும் நேரம் இருந்தது.