எழுதுகிற கை

எண்பதுகளில், கல்லூரிக் கட்டணத்துக்கு நான் வட்டிக்கு வாங்கிய பணத்தை வசூலிக்க கிள்ளானில் என் அறைக்கு வந்தவர், அடிப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அடிவாங்குகிறவனிடமே கொடுத்துவைப்பார். முதல் அறையிலேயே என் பல் ஒன்று வாசலில் போய் விழுந்தது.

“எழுதுற கை எது தம்பி?” என்றார், இரும்புக் குழாயை எடுத்தபடி.

அதைத்தான் உடைக்கப்போகிறார் என்று என் படித்த மூளை கணக்குப் போட்டது. இடக்கைக்காரனான நான், “வலது, அண்ணே!” என்றேன்.

“அப்ப இடது கைய நீட்டு. அடுத்த வாரம் எக்ஸாம் இருக்கு லா. நீ படிச்சு வேலைக்குப் போனாத்தானே கடன் குடுத்த தவுக்கே காசு திரும்பும்?”

எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, “நல்லா எழுது” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

பெயிலானேன். என் படிப்பின்மேல் அவ்வளவு அக்கறை காட்டிய மனிதரை அதன்பிறகு நான் சந்திக்கவில்லை.