சேலை ஊர்ல சாரி கார்டைக் கழட்டினவன்

பட்டுத் தொழில்ல தறி ஓட்டறவங்களுக்குக் கை வலிக்கும், கடை வெச்சிருக்கறவங்களுக்குத் தலை வலிக்கும், நடுவுல நெய்யறதுக்கு நீட்டிப் போடற பாவு நூலைக் கொண்டுபோய்க் குடுத்து நெய்ஞ்ச சேலையை வாங்கியாற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இடுப்பு வலிக்கும். ஆரணியில ஒரு நயினார் கடைக்குப் பதினோரு வருஷமா இந்த வேலை பாக்கறேன். எங்க பக்கம் ஜைனக் குடும்பத்துப் பெரியவங்களை நயினார்னுதான் சொல்வோம். சேவூர்ல ஆரம்பிச்சி பெரணமல்லூர் வரைக்கும் தறி இருக்கிற வீடு எல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த வேலையில இருக்கறவன் எல்லாம் முன்னாடி பை வைக்க இடம் இருக்கிற மொபெட்டு வெச்சிருப்பான். நான் போய் வாங்கினது ரோட்டுலயும் ஓடும், காட்டுலயும் ஓடும்னு சொல்ற அந்த உசரமான பைக்கு.

இந்த மாதிரி வண்டியை வாங்கிட்டு வீட்லயும் வேலையிலயும் பேச்சு வாங்கிகினு இருக்கிற புண்ணியவான்கள் உங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும். என்னை ஒரு நாள் வண்டியா வேலையான்னே கேட்டுட்டாங்க. அந்த நிலைமைக்கு எப்படி வந்தேன்னு சொல்றேன், கேளுங்க.

ஏறுற வழி

ஷோரூம்ல இருந்து நேரா வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தினேன். என் வீட்டுக்காரம்மா ரேவதி ஆரத்தித் தட்டோட வந்தா. வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்தா. சீட்டு அவ மார்பு உசரத்துக்கு இருந்துச்சு. எனக்கே ஒரு கால்தான் எட்டும், இன்னொரு கால் சும்மா தொங்கும். அதை அவகிட்ட சொல்லல. "மலை, ஏரி, ஆத்துமணல் எல்லாத்துலயும் போவும் ரேவதி. பள்ளம்னா அதுக்குத் தெரியவே தெரியாது"ன்னு பெருமையா சொன்னேன்.

அவ பொட்டு வெச்சி, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில வெச்சி, கற்பூரம் காட்டினா. எல்லாம் முறையா செஞ்சிட்டு அமைதியா கேட்டா: "எல்லாம் சரிங்க, ஏறதுக்கு ஏணி தனியா வாங்கணுமா, அவங்களே குடுத்தாங்களா?"

கம்பம்

நம்ம வியாதி உங்களுக்குத் தெரியும். கம்பெனிக்காரன் குடுத்ததை அப்படியே ஓட்டினா நமக்குத் தூக்கம் வராது. மொதல் மாசம் பட்டன் டயர் போட்டேன். ரெண்டாவது மாசம் இன்ஜினுக்கு அடியில கல்லு அடிக்காம இருக்க அலுமினியத் தகடு. மூணாவது மாசம் ரெண்டு பக்கமும் கெட்டியான இரும்புக் கம்பி கார்டு. கீழே விழுந்தாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆவாது. நமக்கு இன்னா ஆவும்னு எந்தக் கடைக்காரனும் சொல்றதில்ல.

சேவூர்ல ஏழுமலைன்னு ஒரு தறிக்காரர். ஒரு நாள் காலையில அவர் வீட்டாண்ட வண்டியை நிறுத்திட்டு, அடுத்த தெருவுல ரெண்டு சேலை வாங்கப் போனேன். திரும்பி வந்தா வண்டியிலிருந்து தெரு முனை வரைக்கும் செவப்புப் பட்டு நூல் நீண்டுகினு போவுது. அவங்க தெருவுல பாவு நீட்டி, ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, அறுந்த இழையை எல்லாம் பிணைச்சிக்கினு இருந்தாங்க. வழக்கமா ஒரு பக்கம் மரக்கம்பத்துல கட்டுவாங்க. அன்னிக்கு அந்தக் கம்பம் ஆடுதாம். அதனால என் வண்டிக்கு ரெண்டு பக்கமும் கருங்கல்லு முட்டுக்குடுத்து, இரும்பு கார்டுல இழுத்துக் கட்டிட்டாங்க.

பாவு நீட்டினப்புறம் நடுவுல அவிழ்க்க முடியாது. அவுத்தா நாலாயிரம் இழையும் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். ரெண்டு மணி நேரம் என் வண்டி பக்கத்துல நானும் இன்னொரு கம்பம் மாதிரி நின்னேன். ஏழுமலைக்கு ஒரே சந்தோஷம். கார்டைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு சொன்னார்: "வண்டி ஓடுமா ஓடாதான்னு எனக்குத் தெரியாது தம்பி, ஆனா நிக்குது பாரு, அங்க நிக்குது!"

பாய் சொன்னது

நாலாவது மாசம்தான் சனி பிடிச்சிது. இந்த மாதிரி வண்டி வெச்சிருக்கிற கூட்டாளிங்க நாங்க அஞ்சு பேர். ஞாயித்துக்கிழமை ஏரிக்கரை, கல்லுமலைன்னு சுத்துவோம். ஆறு நாளும் "பாவு வந்துச்சா, சேலை முடிஞ்சிதா, ஜரிகை பத்தல"ன்னு கேட்டுக் கேட்டுப் புளிச்ச காதுக்கு, அந்த ஒரு காலைதான் மருந்து. அவங்க வண்டி ஒண்ணுலயும் சாரி கார்டு இல்ல. பின்னாடி உட்கார்றவங்க சேலை சிக்காம இருக்க, பின் சக்கரத்துக்குப் பக்கத்துல கூண்டு மாதிரி இருக்குமே, அதுதான். "அது இருந்தா சேறு அடைக்கும், பார்க்கவும் பொம்பள வண்டி மாதிரி இருக்கும்"னு ஏத்திவிட்டாங்க. நானும் ஏறிட்டேன்.

மெக்கானிக் அன்வர் பாய்கிட்ட போய் கழட்டச் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கையில எடுத்துட்டு, என் தோள்ல தொங்கின பையைப் பார்த்தார். பைக்குள்ள அஞ்சு பட்டுச் சேலை. வண்டியைப் பார்த்தார். மறுபடியும் பையைப் பார்த்தார். நட்டைக் கழட்டிக்கினே சொன்னார்: "ஜல்தியா கழட்டிடுவேன் வாத்யாரே, ஒரே நிமிஷ வேலை. பேஜாரு மட்டும் பொறுமையாத்தான் வரும்."

முந்தானை

அவ்வளோ ஒண்ணும் பொறுமையா வரல. ஒன்பதாவது நாளே வந்துச்சு. சேவூர்ல எங்க கடைக்கு நெய்யற ஒருத்தர் வீட்டுக் கல்யாணம், சாயங்காலம் ரிசப்ஷன். ரேவதி தீபாவளிக்கு நயினார் குடுத்த மாம்பழக் கலர் பட்டுச் சேலையைக் கட்டியிருந்தா. ஒரு முக்காலி போட்டு ஏறி, ஒரு பக்கமா கால் போட்டு உட்கார்ந்தா. மண்டபத்து வாசல்ல வேகத்தைக் குறைச்சி வளையறேன், பின்னாடி இருந்து "ஐயோ, நிறுத்துங்க!"ன்னு ஒரு கத்தல். நல்ல வேளை, வண்டி நடக்கிற வேகத்துலதான் போச்சு. முந்தானை சங்கிலிக்குள்ள போயிடுச்சு. அவளுக்கு ஒரு சிராய்ப்பு கூட இல்ல. ஆனா முந்தானை ஒரு முழம் கிழிஞ்சி, கறுப்பு கிரீஸோட கையில வந்துச்சு.

இதைப் பார்க்கக்கூடாத ஒரே ஆளு ஊர்ல யாரோ, அவர் அப்போ சரியா மண்டபத்துல இருந்து வெளியே வந்தார். எங்க நயினார் பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டார், பச்சைத் தண்ணி கூட பல்லுல படாது. அது அவங்க வழக்கம். அதனால எந்த ரிசப்ஷனா இருந்தாலும் நாலு மணிக்கே வந்து வாழ்த்திட்டு, வீட்டுக்குப் போய் சாப்பிட்டுடுவார். நேரா வந்து, மொதல்ல ரேவதியைப் பார்த்து "அடி படலையேம்மா?"ன்னு கேட்டார். அப்புறம் கிழிஞ்ச முந்தானையைக் கையில எடுத்து, கிரீஸை விரலால தடவினார். அப்புறம் சக்கரத்தைப் பார்த்தார். கூண்டு இருக்க வேண்டிய இடத்துல காத்துதான் இருந்துச்சு. நாப்பது வருஷமா சேலை வித்த மனுஷன். ஒரு சத்தம் போடல. "இந்த மாசக் கடைசிக்குள்ள இந்த வண்டி போவணும். இல்லைன்னா நீ வர வேணாம்பா."

மைலேஜ்

அன்னிக்கு ராத்திரியே அழாத குறையா சாரி கார்டை நானே திரும்ப மாட்டினேன். ரேவதி எங்கிட்ட ரெண்டு நாள் பேசல. எனக்கோ ரெண்டு பக்கமும் இடி. இந்த வேலையை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. வண்டியை விட்டா ஞாயித்துக்கிழமை எழுந்திருக்கறதுக்கே ஒரு காரணம் இருக்காது. நம்ம ஆளுங்களுக்கு இது புரியும், மத்தவங்களுக்குச் சொன்னா சிரிப்பாங்க. வேற வழியில்லாம விக்கறதுன்னு முடிவு பண்ணி, நாலு பேர்கிட்ட சொல்லி வெச்சேன்.

வந்தவர் ஒரே ஒருத்தர், நெல்லு யாவாரம் பண்றவர். நான் சஸ்பென்ஷனைப் பத்திச் சொன்னேன், பட்டன் டயரைக் காட்டினேன், தகடு எத்தனை கல்லு வாங்கினதுன்னு எண்ணிக் காட்டினேன். அவர் எல்லாத்துக்கும் தலையாட்டினார். ரெண்டு மூட்டை நிக்குமான்னு பின் சீட்டை அமுக்கிப் பார்த்தார். கடைசியா மைலேஜ் கேட்டார், சொன்னேன். வண்டியை மேலேயும் கீழேயும் ஒரு பார்வை பார்த்துட்டு செருப்பை மாட்டினார்: "இத்தனை உசரம் வளர்ந்து இன்னா பிரயோஜனம்?"

சூரியன்

மாசக் கடைசிக்கு மூணு நாள் பாக்கி. பெரணமல்லூர் பக்கம் ஒரு கிராமத்துல ஒரு தறிக்காரருக்குச் சாயம் மாறின பாவு போயிடுச்சு. பஞ்சாயத்துக்கு நயினாரே கார்ல வந்தார், நான் பின்னாடியே வண்டியில போனேன். பேசிப் பேசி மதியம் தாண்டிடுச்சு. அவர் வெளியில எங்கேயும் சாப்பிட மாட்டார், அன்னிக்கு அவருக்கு ஒருவேளைச் சாப்பாடு விரதம் வேற. எல்லாம் முடிஞ்சி அஞ்சு மணிக்குக் கிளம்பினா, ஊர் எல்லையில நெல்லு மூட்டை லாரி ரோட்டுக்குக் குறுக்கால சாஞ்சி கிடக்குது. ரெண்டு பக்கமும் வண்டி வரிசை. நயினாருக்கு அறுபத்தி ஆறு வயசு, காலையில இருந்து வெறும் வயிறு. பொழுது சாஞ்சிட்டா சாப்பாடு இனிமே மறுநாள் விடிஞ்சப்புறம்தான். டிரைவர் கையைப் பிசையறார். நயினார் முகம் வாடிப்போச்சு. லாரியைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், கடைசியா என் வண்டியைப் பார்த்தார்.

"ஏரிக்கரை வழியா போனா பொழுது இருக்கறதுக்குள்ள போயிடலாம் ஐயா"ன்னு வாயைத் திறந்துட்டேன். அவர் வேட்டியை மடிச்சிக் கட்டினார். ஒரு தறிக்காரர் வீட்ல இருந்து முக்காலி வந்துச்சு. ரேவதியோட ரோஸ் கலர் ஹெல்மெட்தான் கூட இருந்துச்சு, அதையே மாட்டிவிட்டேன். சூரியன் நேரா என் கண்ணுல. அது எவ்வளோ கீழ இறங்கிச்சுன்னு பின்னாடி இருந்து நயினார் அளந்து சொல்லிக்கினே வர்றார்: "பனைமர உசரம் இருக்குதுடா!" வரப்பு ஓரம், ஏரிக்கரை, கல்லுப் பாதைன்னு ஒவ்வொண்ணா தாண்டறேன். "தென்னமரத்துக்கு வந்துடுச்சுடா!" ஆரணிக்கு வெளியே கமண்டல நாகநதி மணல்ல இறங்கினேன். மணல்ல உட்கார்ந்து போனா வண்டி பொதைஞ்சிடும். "ஐயா, என் தோளைப் பிடிச்சிகினு கால்ல எழுந்து நில்லுங்க!"ன்னேன். நின்னார்ங்க! ரோஸ் ஹெல்மெட்டு, மடிச்சிக் கட்டின வேட்டி, ரெண்டு கையும் என் தோள்ல. துணி அலசிகினு இருந்த அம்மா ஒருத்தங்க கையில இருந்த துணி தண்ணியில போயிடுச்சு. "வேலிக்கு வந்துடுச்சுடா, முறுக்குடா!"ன்னு கத்தினார். பதினோரு வருஷத்துல அவர் கத்தி நான் கேட்டது அன்னிக்குத்தான். வீட்டு வாசல்ல நிறுத்தினப்போ மாடிச் சுவத்துல வெயில் இன்னும் ஒரு முழம் இருந்துச்சு. இலை போட்டு அவங்க வீட்டம்மா காத்துகினு இருந்தாங்க. அவர் ஓடிப்போய் உட்கார்ந்து மொத வாய் எடுத்து வைக்கிற வரைக்கும் நான் வண்டியை விட்டு இறங்கல.

சாப்பிட்டுக் கை கழுவிட்டு வெளியே வந்தார். பொழுது சாஞ்சிடுச்சு. என் வண்டிக்குப் பக்கத்துல குனிஞ்சி உட்கார்ந்தார். மடிச்சிக் கட்டின வேட்டி வழியில அவிழ்ந்து, அதோட நுனி முழுக்க மணலும் சேறும். அந்தச் சேறு சாரி கார்டு மேல ஒரு முழ நீளத்துக்கு இழுவிக்கினு இருந்துச்சு. ஆனா வேட்டியில ஒரு கிழிசல் இல்ல. அவர் அந்தக் கூண்டை விரலால ரெண்டு தட்டு தட்டினார். "இனிமே நீ இதைக் கழட்டினதா தெரிஞ்சா அன்னிக்கே வேலை போச்சு. வண்டி இருக்கட்டும். நாளைக்கே அந்த பாய்கிட்ட சொல்லி, பின்னாடி சீட்டுல நல்ல மெத்தையா போடு."

போட்டாச்சுங்க, மெத்தை, பிடிச்சிக்க கம்பி, ஏற ஒரு முக்காலி மாட்ட கொக்கி எல்லாம் போட்டு, மலையேற வாங்கின வண்டி இப்போ வாரத்துல ரெண்டு சாயங்காலம் ஒரு மனுஷனோட சாப்பாட்டுக்காகச் சூரியனைத் துரத்திகினு இருக்குது, ரோஸ் ஹெல்மெட்டை ரேவதி திரும்பக் கேட்டா மட்டும் அவர் குடுக்க மாட்டேங்கறார்.