தீபாவளி கழிந்து பூத்த செம்பருத்தி

சிவகாசியில் என் வாடகை வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் பட்டாசுத் தொழிலாளி அம்மா ஒருவர் இருந்தார். நகக்கண்ணில் அலுமினியப் பொடி மின்னும். விடியுமுன் கம்பெனி வேன் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். ஆவணி கடைசி ஞாயிறன்று அவர் செம்பருத்திக் கிளைகளை மொட்டோடு வெட்டித் தள்ளியதைப் பார்த்துப் பதறினேன்.

"மொட்டைப் போயி வெட்டுறீகளே!"

"இப்பப் பூத்தா, நான் வேலைக்குப் போனப்புறம் விரிஞ்சு, வாரதுக்குள்ள சுருங்கிருது. இனி துளுத்து, தீபாவளி கழிச்சு கம்பெனி லீவுல பூக்கட்டும்."

அப்படியே பூத்தது. நடுப்பகலில் செடிக்கு எதிரே நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பூஜைக்கு ஒன்று பறிக்கச் சுவர்மேல் கை நீட்டினேன்.

"கையை எடுங்க. சாமிக்கு ஊரு பூராம் பூக்குது. இது எனக்குப் பூத்தது."

அன்று என் சாமி படத்துக்குப் பூ வைக்கவில்லை. அது குறையாகவும் தோன்றவில்லை.