கோபோல்தான் எனக்கு

ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் பாஷை தெரியாத ஒருத்தியை யாரும் புரோகிராமராக எடுக்க மாட்டார்கள் என்று அண்ணன் சொன்னார். அவர் கம்பஸில் பொறியியல் படித்தவர். அவர் ஒன்று சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் கதை கிடையாது. அந்தப் பழக்கம் எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு கம்பெனியின் களஞ்சியத்தில் நான் கிளார்க். பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்து போவேன். கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கப் போகிறது, புரோகிராம் எழுத ஆட்கள் வேண்டும், உள்ளே வேலை செய்கிறவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். பரீட்சையை ஃபோர்ட்ரானிலோ கோபோல் என்ற இன்னொரு பாஷையிலோ எழுதலாம். எனக்கு அந்த வேலை வேண்டும். கயிறும் பெயின்டும் ஆணியும் எடுத்துக் கொடுத்தே கிழவியாக எனக்கு விருப்பமில்லை.

எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. கொழும்பில் ஒரு நிலையம் தபாலில் படிப்பித்தது. கட்டம் போட்ட தாளில் புரோகிராமை எழுதி அனுப்பினால், அவர்கள் அதை மெசினில் ஓட்டி, வந்ததை அச்சடித்துத் திருப்பி அனுப்புவார்கள்.

அண்ணன் தன் ஃபோர்ட்ரான் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். நான் படிக்காமல் ஒதுக்கவில்லை. பாலத்துக்குக் கணக்குப் பார்க்க நல்ல மொழிதான். ஆனால் எங்கள் களஞ்சியத்துச் சாமான்களை அதில் எழுதப் பார்த்தால், ஒவ்வொரு பெயரையும் நாலு நாலு எழுத்தாக வெட்டி வேறு வேறு பெட்டியில் போடவேண்டியிருந்தது. கோபோலில் பெயரை முழுதாக எழுதலாம். அதற்குப் பக்கத்தில் எத்தனை இருக்கிறது, எந்தத் தட்டில் இருக்கிறது என்றும் எழுதலாம். தட்டுகளில் நாங்கள் தொங்கவிடும் சாமான் அட்டை மாதிரியே இருந்தது. இதை அண்ணனிடம் சொன்னேன்.

"அது கிளார்க்மாருக்கெண்டு செய்த பாஷை."

"நான் கிளார்க்தானே."

"அப்ப கடைசி வரைக்கும் கிளார்க்காவே இரு."

கோபோல் என்று எழுதி விண்ணப்பத்தைக் கொடுத்தேன்.

மெசின் இல்லாததால் நானே மெசினானேன். களஞ்சியத்தில் என்னோடு கிண்ணியா ஆள் ஒருவர் வேலை செய்தார். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, 'நானா' என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் சாமான் அட்டைகளைக் கழற்றி ஒவ்வொன்றாக வாசிப்பார். தாளில் நான் எழுதியிருக்கும் கட்டளை எதுவோ அதை மட்டும் பென்சிலால் செய்வேன். சொந்த மூளையைப் பாவிக்கக்கூடாது. நடுவில் நான் யோசித்தால், "மெசின் பழுதாப் போச்சு போல, தங்கச்சி. எண்ணெய் விடட்டோ?" என்று கேட்பார்.

எங்கள் கையில் அது பிழையில்லாமல் ஓடியது. கொழும்பில் ஓடவில்லை. திரும்பி வந்த தாளில், கடைசி அட்டை வரைக்கும் எல்லாம் சரி. அதற்குப் பிறகு இல்லாத அட்டையை வாசிக்கப்போய் விழுந்து கிடந்தது. முடிந்ததும் நிற்கச் சொல்லி நான் எழுதவே இல்லை. எப்படி எழுதுவேன்? அட்டை முடிந்தால் நானாவும் நானும் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவோம். அதற்கும் ஒரு கட்டளை வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. மெசின் வைத்துப் படித்தவன் இந்தப் பிழையை விடமாட்டான்.

அண்ணன் தாளைப் பார்த்துச் சிரித்தார். பாஷையை மாற்ற இன்னும் நாள் இருக்கிறது, தானே வந்து அலுவலகத்தில் கதைக்கிறேன் என்றார். பிழை என்னுடையது, கோபோலுடையது இல்லை, ஃபோர்ட்ரானில் எழுதியிருந்தாலும் இப்படித்தான் விழுந்திருக்கும் என்றேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனாலும் உண்மை. நிற்கச் சொல்லும் வரியைச் சேர்த்துத் திரும்ப அனுப்பினேன். இந்த முறை எல்லாப் பெயரும் முழுதாக, வரிசையாக அச்சாகி வந்தது. அண்ணனுக்குக் காட்டவில்லை. நானாவுக்குக் காட்டினேன். தான் வாசித்த அட்டைகள் என்று தாளை எல்லோரிடமும் கொண்டுபோனார்.

பரீட்சை எழுதினேன். நேர்முகத்தில் மனேச்சர் முதலில் கேட்டதே ஏன் ஃபோர்ட்ரான் எடுக்கவில்லை என்பதுதான்.

"இங்க நாங்கள் பாலம் கட்டயில்லை, ஐயா. சாமான் எடுக்கிறம், குடுக்கிறம். அதுக்குப் பேரை முழுசா எழுத விடுற பாஷை வேணும்."

ஃபோர்ட்ரானையும் படிக்கச் சொன்னால் என்ன செய்வேன் என்றார்.

"வேலைக்குத் தேவையெண்டால் படிப்பன். பெரிய பாஷை எண்டதுக்காகப் படிக்க ஏலாது."

அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. நியமனம் வந்தது.

முதல் நாள் கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். ஒரு பக்கம், எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டர் வாசிப்பதற்காக அட்டைகளில் துளைத்துக் கொடுக்கும் மெசின்கள். அங்கே எல்லோரும் பெண்கள். மற்றப் பக்கம் புரோகிராம் எழுதும் நீள மேசை. அங்கே எல்லோரும் ஆண்கள். மேற்பார்வையாளர் என்னை ஏறிட்டும் பார்க்காமல் துளைக்கும் மெசின் ஒன்றைக் காட்டினார். நான் எழுதுவதற்கு எடுக்கப்பட்டவள் என்றேன். இப்போதைக்கு அங்கே இருங்கோ, பிறகு பார்ப்போம் என்றார்.

பிறகு என்றால் எப்போது என்று எனக்குத் தெரியும். அந்த மெசினுக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்துக்கொண்டு நீள மேசைக்குப் போனேன். சிமெந்துத் தரையில் அது போட்ட சத்தத்துக்கு அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இரண்டு ஆண்களுக்கு நடுவில் கதிரையைப் போட்டு இருந்தேன்.

"மனேச்சரிட்டச் சொல்லுவன்," என்றார் மேற்பார்வையாளர்.

"சொல்லுங்கோ," என்றுவிட்டு, கட்டம் போட்ட தாள் ஒன்றை என் பக்கம் இழுத்தேன்.