தொட்டுவிட்டுப் போகச் சொன்னார்

சுயம்புலிங்கத்துக்கு இங்கிலீஷ் மேல் இருந்தது ஆசையில்லை, பித்து. ரங்கநாதன் தெருவில் ஒரே ஜவுளிக்கடையில் நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று துணி விரித்தோம். பட்டுப் பிரிவுக்கு மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வருகிற அம்மாக்களிடம் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால்தான் எடுபடும் என்று முதலாளி ஒருநாள் சொல்லித் தொலைத்தார். அன்று மாலையே பாண்டி பஜார் நடைபாதையில் இவன் ஒரு பழைய புத்தகம் வாங்கிவிட்டான். முழுக்க இங்கிலீஷ் மரபுத்தொடர்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக மனப்பாடம் செய்ய ஆரம்பித்தான்.

அர்த்தம் பாதிதான் புரியும். மீதியை அவனே இட்டு நிரப்பிக்கொள்வான். மழை வலுத்தால் பூனையும் நாயும் பெய்கிறது என்பான். "நாய் விழுந்தா ஓடு உடைஞ்சிரும், பூனைய மட்டும் பெய்யச் சொல்லுங்க" என்பாள் அவன் மனைவி தங்கபுஷ்பம். சைதாப்பேட்டையில் அவர்கள் குடியிருந்தது ஒழுகுகிற ஓட்டு வீடு. பிள்ளை கிடையாது. அவனுடைய இங்கிலீஷைச் சிரித்த முகத்தோடு கேட்க இந்தப் பட்டணத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். எனக்கு எரிச்சல்தான் வரும்.

எழுபத்திரண்டாம் வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை முற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு சாயங்காலம் நானும் அவனோடு பார்க்கப் போயிருந்தேன். டாக்டர் அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "உங்க சம்சாரத்துக்கு" என்று தமிழில்தான் ஆரம்பித்தார். இவனால் சும்மா இருக்க முடியுமா? "ஐ யாம் ஆல் இயர்ஸ், டாக்டர்" என்றான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன் என்று அர்த்தம், புத்தகத்தின் முதல் பக்கங்களில் வருவது. படித்த ஆள் போலிருக்கிறது என்று அவரும் இங்கிலீஷுக்குத் தாவிவிட்டார். மளமளவென்று என்னென்னவோ சொன்னார். கடைசியில் சொன்ன 'டச் அண்ட் கோ' மட்டும் எங்கள் காதில் தெளிவாக விழுந்தது.

உயிர் இழுபறியில் இருக்கிறது, எதுவும் நடக்கலாம் என்று அதற்கு அர்த்தமாம். எனக்கே மறுநாள்தான் தெரியும். அந்தத் தொடர் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. அவன் பாதியைக்கூடத் தாண்டவில்லை. கடையில் தினமும் எத்தனையோ பேர் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவனுக்கு அதுதான் தோன்றியிருக்கிறது. இன்னொரு தரம் கேட்டால் மானம் போய்விடுமே, தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தான்.

தங்கபுஷ்பத்தின் கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. "இன்னைக்கு ஒரு ராத்திரி இங்ஙனயே இருங்களேன், எனக்குப் பயமா இருக்கு" என்றாள். மோசமான கேஸ் என்றால் புருஷனை வராந்தாவில் படுத்துக்கொள்ள விடுவார்கள்.

"டாக்டரே தொட்டுட்டுப் போகச் சொல்லிட்டாரு. பயமில்லட்டி" என்றான். அவள் நெற்றியைத் தொட்டான். பிறகு நாங்கள் பஸ் பிடித்துப் போய்விட்டோம்.

காலையில் நாங்கள் கஞ்சியோடு போனபோது கட்டில் காலியாக இருந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தாள். "எங்க போய்ட்ட நைனா? ராத்திரி பூரா உன்னியதான் கேட்டுக்கினு இருந்துச்சு" என்றாள். டாக்டர் வந்து, நிலைமையைத்தான் நேற்றே சொன்னேனே, கூடவே இருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார். இந்தத் தடவை தமிழில் சொன்னார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவன் அப்போதுதான் கேட்டான். அவர் சொன்னார். கஞ்சித் தூக்கு அவன் கையிலேயே இருந்தது.

பட்டுப் பிரிவு அவனுக்குக் கிடைக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. லுங்கி, துண்டு விற்கிற மூலையில் நிற்கிறான். தொட்டுப் பாருங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்வது எங்கள் தொழிலில் வாய்ப்பாடு. அவன் மட்டும் அதைச் சொல்வதில்லை, துணியை விரித்துவிட்டு ஒதுங்கி நிற்பான். எனக்கு அந்த டாக்டர் மேல் கோபம், முதலாளி மேல் கோபம். அவன் மேல் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது?

வருஷம் ஐந்தாகிறது. இன்றைக்கும் சாப்பாட்டு வேளையில் தூக்கைத் திறக்காமல் என்னிடம் கேட்கிறான்: "அவரு மொதல்ல தமிழ்லதானடே ஆரம்பிச்சாரு?"

ஆமாம் என்கிறேன்.